படக் கேள்வி பிறவியிலேயே வர வேண்டுமா? என்எம்எம்எஸ் மனத்திறன் தாள் பற்றிய விவாத இழை

நவம்பர் 2, காலை (ஒரு வாசகியின் கேள்வி)

என் மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்குப் படிக்கிறான். எண் தொடர், எழுத்துக் குறியீடு, ரத்த உறவு எல்லாம் போடுகிறான். படம் வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. "படக் கேள்வி பிறவியிலேயே வரணும், பழக்கினால் வராது, அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று டியூஷனில் சொல்லிவிட்டார்கள். விட்டுவிடலாமா சார்?

நவம்பர் 2, இரவு 9.15

விடாதீர்கள் அக்கா. மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. படக் கேள்விகளை மொத்தமாகக் கைவிடுவது வயலில் ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சாமல் விடுவது மாதிரி.

நான் ஆசிரியர் இல்லை, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சனி, ஞாயிறில் எங்கள் ஊர் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இந்தத் தாளைச் சொல்லித் தருகிறேன். "எனக்குப் படம் வராதுண்ணே" என்று வருஷா வருஷம் இரண்டு மூன்று பேராவது சொல்வார்கள். அவர்கள் படத்தை முழுசாகப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்வது போலிருக்கும், எதுவும் பிடிபடாது.

ஒரு சதுரம், உள்ளே ஓர் அம்பு, மூலையில் ஒரு புள்ளி என்று வையுங்கள். முதல் படத்தில் அம்பு மேலே பார்க்கிறது, கறுப்புப் புள்ளி இடது மேல் மூலையில். இரண்டாவதில் அம்பு வலது மேல் மூலையைப் பார்க்கிறது, வெள்ளைப் புள்ளி இடது கீழ் மூலையில். மூன்றாவதில் அம்பு வலப்பக்கம், கறுப்புப் புள்ளி வலது கீழ். நான்காவதில் அம்பு வலது கீழ் மூலைக்கு, வெள்ளைப் புள்ளி வலது மேல். ஐந்தாவது என்ன?

முதலில் அம்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளியை விரலால் மறைத்துக்கொள்ளலாம். அம்பு ஒவ்வொரு முறையும் கடிகாரத் திசையில் 45 பாகை திரும்புகிறது, அடுத்தது நேர் கீழே. நான்கு ஆப்ஷனில் அம்பு கீழே பார்க்காததை உடனே அடித்துவிட வேண்டும். அப்புறம் புள்ளியின் இடம். எதிர்க் கடிகாரத் திசையில் மூலை மூலையாகப் போகிறது, அடுத்தது மறுபடி இடது மேல். இன்னொரு ஆப்ஷன் போகும். கடைசியில் நிறம். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. முடிந்தது. மூன்று சின்னக் கேள்விகளை ஒரே சட்டத்துக்குள் போட்டு ஒரு பெரிய கேள்வியாகக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் 3, காலை 7.10

ஒன்று விட்டுப்போனது. வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "அம்பு அரைக்கால் சுற்று திரும்புது, புள்ளி எதிர்ப்பக்கமா நடக்குது." வாயில் வந்துவிட்டால் கையில் வந்துவிடும்.

நவம்பர் 3, இரவு 10.30

"பிறவி" என்ற சொல் நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

காலிக் கட்டத்துக்கு எந்தப் படம் பொருந்தும் என்று கேட்கும் படக் கேள்விகளில் மிகவும் பெயர் பெற்றது ஜான் ரேவன் என்பவர் பிரிட்டனில் 1938இல் வெளியிட்ட தேர்வு. 60 கேள்வி, ஐந்து தொகுதி, தொகுதிக்குப் பன்னிரண்டு. மொழி தெரியாதவருக்கும் படிக்காதவருக்கும் கொடுக்கலாம் என்பது அதன் பெருமை. சொல்லே இல்லாததால் இதுதான் சுத்தமான பிறவி அறிவை அளக்கிறது என்று பலர் நம்பினார்கள். பிறகு ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் பல நாடுகளின் பழைய மதிப்பெண்களைத் தோண்டி எடுத்தார். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு வந்த 18 வயதுப் பையன்களுக்கு ரேவன் வகைக் கேள்விகளைத்தான் கொடுத்து வந்தார்கள். 1952க்கும் 1982க்கும் நடுவில், முப்பதே வருடத்தில், அவர்களுடைய சராசரி ஐக்யூ கணக்கில் சுமார் 20 புள்ளி ஏறியிருந்தது. முப்பது வருடத்தில் ரத்தம் மாறுமா? பள்ளிக்கூடமும் பார்க்கிற பொருள்களும் வாழ்கிற விதமும் மாறும்.

ஆளுக்கு ஆள் வித்தியாசமே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. சில பிள்ளைகள் சட்டென்று பார்த்துவிடுகிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எட்டாம் வகுப்புப் பையனிடம் "உனக்குப் பிறவியிலேயே இல்லை" என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது.

நவம்பர் 5, இரவு

என் கதையையும் எழுதிவிடுகிறேன். 2017, மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வு, முதல் கட்டம். 100 கேள்வி, 60 நிமிடம், அதில் ரீசனிங் 25. தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். ரீசனிங்கில் நாலாவதோ ஐந்தாவதோ காகித மடிப்பு. தாளை இரண்டு தரம் மடித்து ஓட்டை போட்டிருந்தார்கள், விரித்தால் எப்படி இருக்கும் என்று கேள்வி. வீட்டில் இதைவிடக் கஷ்டமானதைப் போட்டிருக்கிறேன். அன்று விரிக்க விரிக்க மனசுக்குள் ஓட்டைகள் இடம் மாறின. தெரிந்த கேள்விதானே என்று விடாமல் உட்கார்ந்தேன். நிமிர்ந்து திரையைப் பார்த்தால் ஆறு நிமிடம் போயிருந்தது. ஆங்கிலப் பகுதியில் கடைசி ஒன்பது கேள்வியைப் படிக்கக்கூட நேரமில்லை.

அதற்கப்புறம்தான் கண்டுபிடித்தேன். மனசுக்குள் விரிக்கக் கூடாது. கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் கண்ணாடியாக நினைத்து, ஓட்டையின் பிம்பத்தை அந்தப் பக்கம் குறிக்க வேண்டும். இரண்டு மடிப்பு, ஒரு ஓட்டை என்றால் நான்கு ஓட்டை. எல்லா அடுக்கிலும் குத்தியிருந்தால்தான் இந்தக் கணக்கு, அதைப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பல நேரம் எண்ணிக்கையிலேயே இரண்டு ஆப்ஷன் விழுந்துவிடும்.

நவம்பர் 6

தேனியிலிருந்து ஒரு தம்பி "படத்தைப் பார்க்கும் முன்னே ஆப்ஷனைப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறார். சரி. எப்போதும் ஆப்ஷன் முதலில். எது எது மாறுகிறது என்று ஆப்ஷனே காட்டிக்கொடுத்துவிடும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று வகுப்பில் நடந்தது. கடிகாரம் போல ஒரு வட்டம், ஓரத்தில் புள்ளி. முதலில் 12இல், பிறகு 1இல், 3இல், 6இல், 10இல். அடுத்தது எங்கே? பாதிப் பேர் திணறினார்கள். ஒரு பெண் மட்டும் உடனே, "பஸ் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்டாப்பு கூட விட்டு நிக்குதுண்ணே, இப்ப அஞ்சு தாண்டி மூணுல நிக்கும்" என்றாள். சரியான விடை.

வீட்டில் தினமும் கோலம் போடுவது அவள்தானாம். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம் இரண்டும். கால் பாகத்தைப் போட்டுவிட்டு மீதி மூன்று பாகத்தையும் திருப்பித் திருப்பிப் போடுகிற பழக்கம். படக் கேள்வி அவளுக்கு ஏன் வருகிறது என்று இன்றைக்குப் புரிந்தது. பிள்ளைகளைக் கோலம் போட வையுங்கள், ஆண் பிள்ளைகளையும்தான்.

நவம்பர் 10

கோலம் என்றதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் உடன் வேலை செய்தவர்களும் 1970களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். ஒரு சின்னத் துண்டு, அதை எப்படி அடுக்குவது என்ற விதி, இரண்டும் இருந்தால் எவ்வளவு பெரிய கோலமும் வந்துவிடும். நம் வாசல் விஷயம் 1974இல் ஆய்வுக் கட்டுரையாக வந்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 12, இரவு

ஆறாம் தேதி நான் எழுதியது தவறு, திருத்துகிறேன். "எப்போதும் ஆப்ஷன் முதலில்" என்றது அவசரப் பேச்சு.

படத்தொடருக்கும் கண்ணாடி பிம்பத்துக்கும் அது சரி. மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்ட கேள்வி வந்தால் ஆப்ஷன் குழப்பும். தப்பான ஆப்ஷன்களைச் சும்மா போடுவதில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு விதியைச் சரியாக வைத்து, இன்னொன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். விதி தெரியாமல் பார்த்தால் நான்குமே சரி மாதிரி தோன்றும்.

உதாரணத்துக்கு ஒரு வரிசை. முதல் கட்டத்தில் கூட்டல் குறி. இரண்டாவதில் ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு வட்டம். மூன்றாவதில் படுக்கைக் கோடு, வட்டம். இரண்டுக்கும் பொதுவான நிமிர்ந்த கோடு மறைந்து, மற்றதெல்லாம் சேர்ந்து நிற்கிறது. இதை முதல் வரிசையில் பார்த்து, இரண்டாவது வரிசையில் சரிபார்த்து, மூன்றாவதில் விடையை நீங்களே வரைந்துவிட வேண்டும். வரைந்த பிறகு ஆப்ஷனைத் தேடலாம்.

1990இல் கார்பென்டர், ஜஸ்ட், ஷெல் என்ற மூவர், கடினமான ரேவன் கேள்விகளை மக்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று ஆராய்ந்து, விதிகள் ஐந்தே வகைதான் என்றார்கள். வரிசையில் மாறாமல் இருப்பது. படிப்படியாகக் கூடுவது அல்லது குறைவது. கூட்டல், கழித்தல். மூன்று பொருளும் வரிசைக்கு ஒருமுறை இடம் மாறி வருவது. இரண்டு கட்டத்தில் வந்து மூன்றாவதில் இல்லாமல் போவது, மேலே சொன்ன கூட்டல் குறி மாதிரி. நன்றாகப் போடுகிறவர்களிடம் அவர்கள் கண்ட வித்தியாசம், இரண்டு மூன்று விதிகளை ஒன்றாக மனசில் வைத்துக்கொள்வது. மனசில் நிற்கவில்லையா, கேள்வித்தாள் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். "வெளி: மாறாது. உள்: கூடுது." நாலு சொல் போதும்.

நவம்பர் 15, சனி

கண்ணாடி பிம்பமா, வெறுமனே திருப்பியதா என்பதில்தான் இன்று முழு வகுப்பும் விழுந்தது. எஃப் எழுத்தைச் சாய்த்து வைத்து நான்கு ஆப்ஷன். மூன்று திருப்பியவை, ஒன்று கண்ணாடி. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் மனசுக்குள் நிமிர்த்திப் பார்க்கிறார்கள். அது மெதுவான வேலை. 1971இல் ஷெப்பர்டு, மெட்ஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கட்டை அடுக்கிய படங்களைக் காட்டிச் சோதித்தபோது, எவ்வளவு பாகை திருப்ப வேண்டுமோ அவ்வளவுக்கு நேரமும் நேர்கோடாகக் கூடியது. 180 பாகை திருப்ப மட்டும் மூன்று விநாடி போல ஆகிறது என்றால், நான்கு ஆப்ஷனுக்கு என்ன ஆகும் பாருங்கள்.

வாசலில் கிடந்த செருப்பைத்தான் எடுத்துக் காட்டினேன். இடது கால் செருப்பைத் தரையில் எவ்வளவு சுற்றினாலும் வலது கால் செருப்பு ஆகுமா? ஆகாது. எஃப்பும் அப்படித்தான். தண்டில் நின்று மேல் முனையைப் பார்த்தால் இரண்டு கையும் எந்தப் பக்கம்? வலது. திருப்பியவை எல்லாவற்றிலும் வலதாகவே இருக்கும், கண்ணாடியில் மட்டும் இடது. எதையும் சுற்ற வேண்டாம்.

கண்ணாடிக் கடிகாரத்துக்கு 11 மணி 60 நிமிடத்திலிருந்து கழித்தால் போதும். 4.20 கண்ணாடியில் 7.40.

நவம்பர் 16

முக்கோணம் எண்ணுவது. பெரிய முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகப் பிரித்து வலை போட்டிருந்தால் மொத்தம் 27. எங்கள் வகுப்பில் எல்லோரும் 26 சொல்கிறார்கள். சின்னது 16, அடுத்த அளவு 6, அடுத்தது 3, பெரியது 1. விட்டுப்போவது நடுவில் தலைகீழாக நிற்கிற ஒன்று. சூத்திரம் வேண்டுமென்றால், பக்கத்தில் எத்தனை பிரிவோ அதை அதனோடு இரண்டு கூட்டியதாலும், இருமடங்கோடு ஒன்று கூட்டியதாலும் பெருக்கி எட்டால் வகுங்கள், பின்னத்தை விட்டுவிடுங்கள். 4 பெருக்கல் 6 பெருக்கல் 9, வகுத்தல் 8, விடை 27.

நவம்பர் 18

முக்கோணச் சூத்திரம் எல்லா இடத்திலும் ஓடாது என்று தேனித் தம்பி சொல்வது சரி. ஒரு கோடு குறைந்தாலோ, ஒரு குறுக்குக் கோடு கூடினாலோ அந்தச் சூத்திரம் உதவாது. முழு வலைக்கு மட்டும்தான். தேர்வில் பெரும்பாலும் குறைபட்ட வலைதான் வரும். கையால் எண்ணத் தெரிந்த பிறகு சூத்திரம் கொடுங்கள். நான் வரிசையை மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், வரும் சனிக்கிழமை திரும்ப எடுக்கிறேன்.

நவம்பர் 22, சனி, இரவு 11 மணி

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

வட்டத்தின் ஓரத்தில் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோட்டால் இணைத்தால் உள்ளே எத்தனை துண்டு? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. வரைந்து காட்டிவிட்டு ஆறுக்கு 32 என்று பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு பையன், "30தான்ணே வருது" என்றான். சரியாக எண்ணு என்றேன். மறுபடி எண்ணி 30 என்றான். குரல் உயர்த்திவிட்டேன். அவன் நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, ஒவ்வொரு துண்டிலும் எண் போட்டுக் காட்டினான். முப்பது.

நானும் பலகையில் வரைந்தேன். என் படத்தில் 31. அரை மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அவன் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்திருந்தான், அதனால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டி, ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினால் 31. அதுதான் உச்சம், 32 எப்படி வரைந்தாலும் வராது. வீட்டுக்கு வந்து புத்தகத்தில் தேடினால் இது கணக்கில் பேர்பெற்ற கேள்வியாம், இரட்டிப்பு என்று நம்புகிறவர்களை நிறுத்துவதற்கென்றே சொல்வார்களாம்.

அவனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னதை நம்பாமல் தன் கையால் எண்ணினான் பாருங்கள், அதற்கு மேல் இந்த வகுப்பில் எனக்கு என்ன வேண்டும்?

நவம்பர் 23

கோலம் பற்றி ஒன்பதாம் தேதி எழுதியதையும் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. வகுப்பில் இன்னொரு பெண், மார்கழியில் தெருவே நின்று பார்க்கும் அளவுக்குக் கோலம் போடுவாள். படக் கேள்வி அவளுக்குச் சுத்தமாக ஓடவில்லை. நேற்று 30 என்று எண்ணிக் காட்டிய பையன் வீட்டில் கோலமே கிடையாது. ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்து விதி எழுதிவிட்டேன், ஐந்து எண்ணைப் பார்த்து 32 எழுதிய மாதிரியே. முதல் பெண்ணுக்கு வந்தது கோலத்தால் இல்லை, "பஸ் ஸ்டாப்பு" என்று கதையாகச் சொல்லத் தெரிந்ததால்தான் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டாவது பெண்ணையும் கதை சொல்ல வைத்துப் பார்க்கிறேன், நடந்ததை எழுதுகிறேன். கோலம் போடுங்கள், அழகுக்காகப் போடுங்கள்.

நவம்பர் 25

பகடையில் எந்த எண்ணுக்கு எது எதிர் என்று கண்டுபிடிப்பதைக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. எதிர் முகங்களின் கூட்டல் 7 என்பது கடையில் வாங்கும் ஆறு முகப் பகடைக்கு. தேர்வுப் பகடையில் பக்கத்துப் பக்கத்து முகங்களே 7 ஆகியிருந்தால் அந்த நினைப்பை விடுங்கள். இரண்டு படத்திலும் ஒரு எண் பொதுவாகவும் மற்றவை எல்லாம் வேறாகவும் இருந்தால், பொது எண்ணிலிருந்து கடிகாரத் திசையில், ஒரு வரிக்குக் கீழ் இன்னொன்றாக எழுதுங்கள். ஒன்றில் 3, 1, 2. இன்னொன்றில் 3, 5, 4. மேலும் கீழும் வருபவை எதிர்: 1க்கு 5, 2க்கு 4. மீதி 6, அது 3க்கு எதிர்.

நவம்பர் 30, ஞாயிறு

முதலில் கேள்வி கேட்ட அக்கா திரும்ப எழுதியிருக்கிறார். மகன் இப்போது விரலால் மறைத்து மறைத்துப் பார்க்கிறானாம். ஆனால் மாடல் டெஸ்டில் ஒன்று தப்பாகிவிட்டது, வாதாடுகிறானாம். பொருந்தாததைத் தேர்ந்தெடு: முக்கோணத்துக்குள் 1 புள்ளி, சதுரத்துக்குள் 2, ஐங்கோணத்துக்குள் 3, அறுகோணத்துக்குள் 5. ஆன்சர் கீ அறுகோணம் என்கிறது. அவன் சதுரம் என்கிறான், இரட்டைப்படை அது ஒன்றுதானே என்று.

அவன் சொல்வது தவறில்லை என்று முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் விதியும் விதிதான். ஆனால் அவன் பக்கங்களைப் பயன்படுத்தவே இல்லை. பக்கத்தையும் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் 3க்கு 1, 4க்கு 2, 5க்கு 3, எங்கும் வித்தியாசம் இரண்டு. அறுகோணத்தில் மட்டும் ஒன்று. இரண்டு விடை மோதினால், வரைந்த எல்லாவற்றையும் பயன்படுத்துகிற விடைக்குப் போவது தேர்வில் பாதுகாப்பு. சும்மா அலங்காரத்துக்கு ஒன்றை வரைந்து ஏமாற்றுகிற கேள்விகளும் உண்டு, அதனால் இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவனே ஒரு கேள்வி வரைந்து அனுப்பியிருக்கிறான். நான்கு கட்டம். முதலில் அம்பு மேலே, கீழே 1 கோடு. இரண்டாவதில் அம்பு வலது மேல் மூலைக்கு, 3 கோடு. மூன்றாவதில் அம்பு வலது கீழ் மூலைக்கு, 2 கோடு. நான்காவதில் அம்பு இடப்பக்கம், 4 கோடு. ஐந்தாவது கட்டம் காலி. "ஆப்ஷன் கிடையாது, வரைஞ்சு அனுப்புங்க மாமா" என்று அடியில் எழுதியிருக்கிறான்.